உலைக்குத் தப்பிய காசுகள்

(கும்மிடிப்பூண்டியில் ஆலைத் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய பிரிட்டிஷ் காசுகளைப் பற்றிப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். லாரி லாரியாக ஸ்கிராப் வந்து இறங்குகிறது, உலைக்குள் போகிறது, கம்பியாக வெளியே வருகிறது. உருகிய பிறகு அது எந்தக் கப்பலின் தகடு, எந்த வீட்டின் கதவு என்று யாராலும் சொல்ல முடியாது. காசின் விலையையும் இந்த உலைதான் தீர்மானிக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

"ஐயா, இது நூற்றைம்பது வருஷத்துக் காசு, எவ்வளவு போகும்?" என்று கேட்பவர்கள் ஏராளம். வயது விலையைச் சொல்லாது. கரூர்ப் பக்கம் அமராவதி ஆற்று மணலில் ரோமானியரின் சின்னஞ்சிறு செப்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஆயிரத்தறுநூறு ஆண்டு வயது. தேய்ந்த நிலையில் இருந்தால் அவற்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். ஆனால் 1939 என்று பொறித்த, ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட உண்மையான வெள்ளி ரூபாய் ஒன்று உங்களிடம் இருந்தால் பேச்சு லட்சத்தில் ஓடும். அதற்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. எத்தனை அடித்தார்கள், அவற்றில் எத்தனை மிஞ்சின, மிஞ்சியதை இன்று எத்தனை பேர் தேடுகிறார்கள் என்றுதான் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளில் நடுவில் இருப்பதுதான் கடினமானது. அதற்குப் பதில் எந்தப் பட்டியலிலும் முழுசாகக் கிடைக்காது.

நம் மண்ணுக்கு வந்து சேராத காசிலிருந்தே தொடங்குகிறேன். சென்னை மாகாணத்தில் அன்று புழங்கிய கணக்கு வராகன், பணம், காசு. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். செப்புக் காசுக்குத் தட்டுப்பாடு வந்ததால், கிழக்கிந்தியக் கம்பெனி பர்மிங்காமில் மாத்யூ போல்ட்டனின் சோஹோ ஆலைக்கு ஆர்டர் கொடுத்தது. நீராவி இயந்திரத்தில் அடித்த பத்துக் காசும் இருபது காசும் 1803லும் 1808லும் இங்கே வருவதற்காகத் தயாராயின. ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் தாங்கிய கம்பெனிச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. 1808ஆம் ஆண்டுக் காசுகளை டன் கணக்கில் பீப்பாய்களில் அடைத்து 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். 1809 ஜனவரியில், இங்கிலாந்தின் கரையைத் தாண்டுவதற்குள்ளாகவே, கென்ட் கடற்கரைக்கு அப்பால் இருக்கும் குட்வின் மணல்திட்டில் மோதி அது மூழ்கியது.

1980களில் முக்குளிப்பவர்கள் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்து லட்சக்கணக்கில் காசுகளை மேலே எடுத்தார்கள். பீப்பாய்க்குள் இறுகிக் கிடந்ததால் பல காசுகள் ஆலையிலிருந்து நேற்று வந்தவைபோல இருந்தன. விளைவைப் பாருங்கள். சென்னை மக்களின் கையில் புழங்கித் தேய்ந்த 1803 காசை நல்ல நிலையில் தேடுவதைவிட, சென்னையையே பார்க்காத 1808 காசை நல்ல நிலையில் வாங்குவது எளிது. கடலுக்குள் போனது தப்பித்தது. கரைக்கு வந்தது தேய்ந்தது, உருகியது. கப்பல் மூழ்கிய கதையைச் சொல்லி அதை 'அபூர்வப் புதையல் காசு' என்று விற்பவர்கள் உண்டு. கதை உண்மை, காசும் உண்மை, 'அபூர்வம்' என்ற சொல் மட்டும் பொய்.

இந்த வட்டாரத்துக்கே வருவோம். நம் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். ஆங்கிலேயன் சென்னைக்கு வந்து மணல்மேட்டில் நிலம் வாங்குவதற்கு இருபத்தாறு ஆண்டு முன்பு. அங்கே டச்சுக்காரர்களுக்குச் சொந்த நாணயச்சாலை இருந்தது. வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்தைப் பின்னிய முத்திரையோடு அவர்கள் அடித்த சின்னச் செப்புக் காசுகள் சோழமண்டலக் கரை முழுக்கப் புழங்கின. நம்மூர்ப் பையன்கள் அந்த எழுத்தைப் பார்த்து, கப்பலோட்டிய சிதம்பரனார் காசு வெளியிட்டாரா என்று கேட்பதுண்டு. அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம். பழவேற்காடு முழுதாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1825இல்தான். ஆகவே பழவேற்காட்டில் கிடைக்கும் பழைய ஐரோப்பியக் காசை எல்லாம் 'வெள்ளைக்காரன் காசு' என்று ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். எவன் அடித்தான் என்பதில் விலை இருக்கிறது.

1639இல் ஆங்கிலேயருக்கு நிலம் தந்த தாமரல வெங்கடாத்ரி நாயக்கரின் சாசனத்திலேயே சென்னையில் காசு அடிக்கும் உரிமையும் இருந்தது. சென்னைக் கோட்டைக்குள் தொடங்கிய நாணயச்சாலைதான் நட்சத்திர வராகனை அடித்தது. கிட்டத்தட்ட 3.4 கிராம் தங்கம். ஒரு பக்கம் மணிமணியான புள்ளிகள் மேல் ஒரு நட்சத்திரம், மறுபக்கம் திருமாலின் உருவம். இங்கிலாந்துக் கிறிஸ்தவ வணிகன் நம்மூர்ச் சந்தையில் செல்லுபடியாக வேண்டி விஷ்ணுவை அச்சிட்டான் என்பதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும். 1807ஐ ஒட்டி இயந்திரம் வந்த பிறகு கோபுரம் போட்ட வராகன்கள் வந்தன. சுற்றிலும் நட்சத்திரங்கள், மதிப்பு ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் தமிழிலும் தெலுங்கிலும். ஸ்பெயின் நாட்டு வெள்ளி டாலர்களை உருக்கக்கூட நேரமில்லாமல் அவற்றின் மேலேயே அச்சை அடித்த ரூபாய்களும் அப்போது வந்தன. உற்றுப் பார்த்தால் பாரசீக எழுத்துக்கு அடியில் ஸ்பெயின் மன்னரின் முகம் மங்கலாகத் தெரியும். காசு பார்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. பின்னாளில் அந்தச் சாலை இருந்த தெருதான் இன்றைய தங்கசாலைத் தெரு. சாலை 1869இல் மூடப்பட்டது.

நாடு முழுவதுக்கும் ஒரே ரூபாய் என்று 1835இல் சட்டம் வந்தது. 180 கிரெய்ன் எடை, நம் கணக்கில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்று தலைகள் மாறினவே தவிர 1939 வரை எடையும் தரமும் மாறவில்லை. உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் விக்டோரியா ரூபாயில் கிட்டத்தட்ட 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. விற்கும் நாளின் வெள்ளி விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதுதான் தரைவிலை. அதற்குக் கீழே எவனுக்கும் கொடுக்காதீர்கள். அதற்கு மேலே எவ்வளவு என்பதுதான் சேகரிப்பாளரின் கேள்வி.

இந்தக் கேள்விக்கு எத்தனை அடித்தார்கள் என்ற பட்டியலை மட்டும் நம்பினால் ஏமாந்து போவீர்கள். முதல் உலகப் போரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தது. இங்கே மக்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்க ஆரம்பித்தார்கள். பிரிட்டன் அமெரிக்காவிடம் போய் நின்றது. 1918இல் அங்கே பிட்மன் சட்டம் போட்டு, சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அதில் பெரும்பகுதி இந்தியாவுக்காக. எந்த ஆண்டு டாலர் எத்தனை உருகியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அதனால்தான் இன்றும் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பழைய மார்கன் டாலர்களில் எது அபூர்வம் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். 1918, 1919ஆம் ஆண்டு ரூபாயைக் கையில் எடுத்தால், அதில் அமெரிக்க டாலரின் வெள்ளி இருக்கலாம். தெரிந்துகொள்ள வழியில்லை. உங்கள் உலைக் கம்பி மாதிரிதான்.

இரண்டாம் உலகப் போரில் இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. 1940இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். எடை அதேதான், ஆனால் பாதி வெள்ளி, பாதி மற்ற உலோகம். அடுத்து, 1941க்கும் 1943க்கும் இடையில் விக்டோரியா ரூபாயையும், எட்வர்டு ரூபாயையும், பழைய தரத்து ஜார்ஜ் ரூபாயையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லாததாக்கித் திரும்ப வாங்கி உருக்கினார்கள். அதுவும் போதாமல் அமெரிக்காவிடம் 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளி கடன் வாங்கினார்கள். கிட்டத்தட்ட ஏழாயிரம் டன். வாங்கிய வெள்ளியை வெள்ளியாகவே திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்காகவும் வெள்ளிக் காசுகள் புழக்கத்திலிருந்து உறிஞ்சப்பட்டன. 1947இல் புலி படம் போட்ட ரூபாய் வந்தபோது அதில் வெள்ளியே இல்லை, சுத்த நிக்கல்.

இவ்வளவு உருக்கியும் விக்டோரியா ரூபாய் ஏன் இன்றும் ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது? ஏனென்றால் நம் மக்கள் அரசாங்கம் சொன்னபடி கேட்கவில்லை. குடத்தில் போட்டுப் புதைத்தார்கள், மாலையாகக் கோத்தார்கள், மகளுக்குச் சீராகக் கொடுத்தார்கள். சட்டத்துக்குக் கீழ்ப்படியாமையால் பிழைத்த காசு அது. 1939 ரூபாய்க்கு அந்த வாய்ப்பு அமையவில்லை, அதனால்தான் அது கிடைப்பதில்லை. பம்பாயில் கொஞ்சமாக அடித்தார்கள். அடித்த கையோடு உலோகத் தரம் மாறிவிட்டது. பதுக்க மக்களுக்கு அவகாசமே இல்லாமல் உலைக்குப் போனது. இன்று சந்தையில் காட்டப்படும் 1939 ரூபாய்களில் பெரும்பாலானவை போலி. 1938இன் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கியதும் உண்டு. லென்ஸ் வைத்து அந்த இலக்கத்தைச் சுற்றிய தரையைப் பாருங்கள், கத்தி பட்ட இடம் தெரியும்.

இதற்கு நேர்மாறான ஒன்று 1911ஆம் ஆண்டு ரூபாய். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் ஒரு யானை உருவம். செதுக்கிய விதத்தில் அது பன்றிபோலத் தெரிந்தது. மக்களிடம், முக்கியமாக முஸ்லிம்களிடம், எதிர்ப்புக் கிளம்பியது. அடித்தது சுமார் 94 லட்சம், வெளியே போனது சுமார் 7 லட்சம், மீதியை உருக்கிவிட்டார்கள். 1912இல் யானையைத் திருத்தினார்கள். 7 லட்சம் என்பது சின்ன எண்ணிக்கை கிடையாது. ஆனாலும் 'பன்றி ரூபாய்' என்ற கதைக்காகவே எல்லோரும் ஒன்று வேண்டும் என்கிறார்கள். அதனால் மற்ற ஜார்ஜ் ரூபாயைவிட விலை கூடுதல். தேடுபவர் எண்ணிக்கை விலையை எப்படி ஏற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. இங்கிலாந்திலும் அப்படி ஒன்று உண்டு. 1933ஆம் ஆண்டு பென்னி. அந்த ஆண்டு பென்னி தேவைப்படவில்லை. கட்டடங்களின் அடிக்கல்லுக்குள் வைக்கவும் அருங்காட்சியகங்களுக்குக் கொடுக்கவும் ஏழு அல்லது எட்டுதான் அடித்தார்கள். லீட்ஸ் நகரத்துத் தேவாலயம் ஒன்றின் அடிக்கல்லுக்குள் வைத்ததை 1970இல் யாரோ தோண்டித் திருடிப் போய்விட்டார்கள். உங்கள் சேகரிப்பில் அது இருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே அதைக் கனவு காண வேண்டாம்.

வருடம் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. 1840 என்று பொறித்த விக்டோரியா ரூபாயைப் பல ஆண்டுகள் அதே 1840 தேதியோடு அடித்தார்கள். 1862 என்று இருப்பதை 1874 வரை அடித்தார்கள். பின்பக்கத்துச் சிறு புள்ளிகளை எண்ணித்தான் அது உண்மையில் எந்த ஆண்டு, எந்தச் சாலை என்று கணிக்கிறார்கள். சாதாரண 1862 ரூபாய் என்று நீங்கள் தட்டிவிடுவது புள்ளிக் கணக்கில் நல்ல விலைக்காசாக இருக்கலாம். இந்தக் காசுகளைப் பட்டியலிட்ட பிரிட்மோரின் நூலை எழும்பூர்ப் பக்கம் நூலகத்தில் தேடிப் பிடித்துப் பாருங்கள். கைபேசியில் வரும் விலைப்பட்டியலை நம்பாதீர்கள். அதில் வருவது விற்பவன் கேட்கும் விலை. வாங்குபவன் கொடுத்த விலை ஏலத்தின் முடிவில்தான் இருக்கும்.

அடுத்தது நிலை. விக்டோரியா என்றால் கன்னத்தையும் தலைப்பின்னலையும் பாருங்கள். முடி இழை இழையாகத் தெரிகிறதா, வழுக்கையா? ஒரே ஆண்டு, ஒரே சாலை, இரண்டு காசுகள். ஒன்று வெள்ளி விலைக்குப் போகும், மற்றொன்று பல மடங்கு போகும். காரணம் அந்த முடி இழைதான். நம் வீடுகளில் நடக்கும் அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பூஜைக்கு முன்னால் செப்புக் காசையும் வெள்ளிக் காசையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குகிறார்கள். கறுப்பும் பழுப்புமாகப் படிந்திருந்த அந்தப் படலம்தான் காசின் நூறாண்டுச் சான்றிதழ். அதைத் தேய்த்தவர் கையால் ஆயிரம் ரூபாயைச் சாக்கடையில் ஊற்றுகிறார். தேய்த்த காசு தனியாகத் தெரியும். பொடிப்பொடிக் கீறல்களோடு ஒரு மாதிரிச் செத்த பளபளப்பு.

காசு மாலையும் அப்படித்தான். சவரன் என்று நகைக்கடையில் நாம் தினமும் சொல்லும் எடை, இங்கிலாந்துத் தங்கக் காசிலிருந்து வந்தது. அந்தக் காசு 7.98 கிராம், 22 காரட். 1918இல் ஒரே ஒரு ஆண்டு பம்பாயிலும் அதை அடித்தார்கள், சுமார் 13 லட்சம். குதிரையின் காலுக்குக் கீழே 'I' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். பாட்டியின் மாலையில் அது இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வளையம் பற்றவைத்த காசு சேகரிப்பாளனுக்கு ஊனமான காசு. தங்க விலைக்கு மேல் அதிகம் போகாது. அதற்காகப் பாட்டி மாலையைப் பிரிக்காதீர்கள். மாலையாக இருப்பதற்கு வேறு மதிப்பு இருக்கிறது.

சோதனைக்கு உங்களிடமே கருவி இருக்கிறது. ஸ்கிராப் யார்டில் இரும்பைப் பிரிக்கும் காந்தம். வெள்ளி ரூபாய் அதில் ஒட்டவே கூடாது. 1947 நிக்கல் ரூபாய் ஒட்ட வேண்டும். 1940க்குப் பிந்தைய பாதி வெள்ளி ரூபாயின் விளிம்பு நடுவில் ஒரு பள்ளம் ஓடும், கள்ள நாணயத்தைத் தடுக்க வைத்தது. எடை 11.66 இருக்க வேண்டிய இடத்தில் 10.9 இருந்தால் தேய்மானத்தைச் சொல்லிச் சமாதானம் ஆகாதீர்கள். அச்சில் அடித்த காசுக்கும் வார்த்த காசுக்கும் உள்ள வித்தியாசம் உங்களில் வார்ப்பு வேலை தெரிந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊசிமுனைக் குழிகளும் மழுங்கிய எழுத்தும் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது அந்த விஷ்ணுவுக்கு வருகிறேன். '1818, கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா' என்று எழுதி ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ போட்ட பெரிய காசு ஒன்று ஊர் ஊராகச் சுற்றுகிறது. சக்தி உள்ளது, அரிசியை இழுக்கும், கோடிக்கு வாங்க ஆள் இருக்கிறார் என்பார்கள். ஒரு அணாவுக்கு என்று நாடு முழுவதும் செல்லும் காசு முதன்முதலாக வந்ததே 1907இல்தான், பூ இதழ்போல விளிம்பு வளைந்த நிக்கல் கலப்புக் காசு. 1818இல் அப்படி ஒன்று இருக்கவே முடியாது. கம்பெனி திருமாலை அச்சிட்டது உண்மை. சென்னையில், விரல்நுனி அளவுத் தங்க வராகனில். கோயில் கடையில் விற்ற டோக்கனை எடுத்துக்கொண்டு அந்த உண்மையின் முதுகில் ஏறி வருகிறார்கள் இந்த மோசடிக்காரர்கள். அரிசியை இழுக்கும் காசு உலகில் இல்லை. பணத்தை இழுக்கும் காசு மட்டும் உண்டு.

தொலைபேசியில் வரும் கும்பல் இன்னொன்று. உங்கள் ஐந்து ரூபாய்க் காசை, ஓட்டைக் காலணாவை, பத்து லட்சத்துக்கு வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி என்று கறக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்துகிறார்கள். பழைய நோட்டையும் காசையும் வாங்கி விற்கும் வேலையை நாங்கள் செய்வதில்லை, எவருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவும் இல்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது. 1943இல் செம்பைச் சேமிக்க வந்த அந்த ஓட்டைக் காலணா கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. வாஷர் வாங்கக் காசில்லாதவர்கள் அதையே வாஷராகப் போட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்குப் பத்து லட்சமாம்.

கடைசியாகச் சட்டம். தேர்வாய் கண்டிகையிலும் காக்களூரிலும் ஆலைக்கு அடித்தளம் தோண்டும்போது மண்ணில் காசுப் பானை கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், சிறையும் உண்டு. உரிமையாளர் இல்லாத புதையலை அரசே எடுத்துக்கொண்டால், உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு விற்று அனுப்பக் கூடாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கிடைத்த காசைத் தேய்க்காமல், பங்கு போட்டுச் சேட்டுக் கடையில் உருக்கக் கொடுக்காமல், அது கிடந்த இடத்தையும் கிடந்த விதத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பானையில் இருந்தால் பானை ஓட்டையும் எடுத்து வையுங்கள். பிறகு வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி ஒருமுறை போய், நட்சத்திர வராகனைக் கண்ணாடிக்கு வெளியே நின்று நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.